ஜெயந்தியின் பெயரில் ஒரு பந்த்

சிறு பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்க வந்திருக்கும் உங்களுக்கு, மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கதைகளை நான் சொல்லப் போவதில்லை. அதை என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தட்டிய ஒரே வரி எங்கள் பள்ளியைப் பாதி காலியாக்கிய கதையைச் சொல்கிறேன். அதையொட்டி நான் எடுக்க வேண்டியிருந்த முடிவுகளில் ஒன்றுகூட இயந்திரத்தைப் பற்றியது அல்ல.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவள் இல்லை. தொண்ணூறுகளில் கொல்கத்தாவின் ஆங்கில நாளேடு ஒன்றில் துணையாசிரியராக இருந்தேன். பக்கங்களைக் கணினியில் அமைக்கத் தொடங்கியபோது அந்த வேலை என்னிடம் வந்தது. அப்படித்தான் கணினி பழகினேன். என் கணவருக்குக் கார்டன் ரீச்சில், ரயில்வே தலைமையகத்தில் உத்தியோகம். குடியிருப்புக்குப் பக்கத்துப் பள்ளியில் ஆரம்ப வகுப்புகளுக்குக் 'கம்ப்யூட்டர் மிஸ்' தேவைப்பட்டது. நாளேட்டை விட்டு அங்கே போனேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை அந்தப் பள்ளிதான்.

ரயில்வே வீட்டுப் பிள்ளைகளும் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் கலந்து படித்த பள்ளி அது. தலைமை ஆசிரியையை ஆசிரியைகள் எல்லோரும் 'பொர்தி', அதாவது பெரிய அக்கா, என்று அழைப்போம். வங்காளப் பள்ளிகளில் அது வழக்கம். கண்டிப்பானவர். கணினி அறைக்கு யாரும் செருப்போடு போகக் கூடாது என்று அவர் போட்ட விதியை அவரே மீறியதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். அறையில் இருந்த இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைத்திருந்தோம். இணையம் அலுவலகத்தில் மட்டும்தான். அதுவும் தொலைபேசி இணைப்பு ஒத்துழைத்தால். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். உள்ளே நுழைந்ததும் திரையில் முதலில் தெரிவது வகுப்பின் அறிவிப்புப் பக்கம். யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். எழுதியவர் பெயர் தானாகவே மேலே வந்துவிடும். 'ரப்பர் காணவில்லை', 'இன்று என் பிறந்தநாள்', 'எங்கள் பூனை குட்டி போட்டிருக்கிறது'. நாளேட்டில் நான் திருத்திய பல செய்திகளைவிட அவை சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தன.

ஒரு புதன்கிழமை கடைசிப் பாடவேளையில், நாலாம் வகுப்பின் அறிவிப்புப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. 'நாளை பந்த். பள்ளி இல்லை.' மேலே பெயர்: ஜெயந்தி.

அப்போது நான் மூலையில் ஓர் இயந்திரத்தை மறுபடி ஓடவைக்கப் போராடிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது, பிள்ளைகள் ஓடினார்கள். வாசலில் தாய்மார்கள் காத்திருந்தார்கள். பிள்ளைகள் சொன்னதை அவர்கள் கேட்டார்கள், பூல் கார் ஓட்டுநர்கள் கேட்டார்கள். பிள்ளைகளை ஏற்றிவரும் வேன்களுக்கு அங்கே அதுதான் பெயர். ஒருநாள் ஓய்வு கிடைக்கிறது என்றால் அவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவது கடினம். கொல்கத்தாவில் பந்த் என்று யாராவது சொன்னால், யார் கூப்பிட்ட பந்த், பன்னிரண்டு மணி நேரமா, முழுநாளா என்று கேட்பார்கள். மெய்தானா என்று கேட்பதில்லை. அத்தனை பந்துகளைப் பார்த்த நகரம். அன்று ஒரு தாய்கூடப் பள்ளிக்குள் வந்து விசாரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் அண்ணன், அக்காக்களுக்கும் அந்த விடுமுறை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பேருந்துகள் ஓடின, கடைகள் திறந்திருந்தன. எங்கள் வகுப்பறைகளில் பாதி இருக்கைகள் காலி. அன்றைக்குத்தான் பள்ளியை மேல்வகுப்புகளுக்கு உயர்த்தும் அனுமதிக்காக ஒரு குழு பார்வையிட வந்தது. பொர்தி அதற்காக வெகுநாள் அலைந்திருந்தார். குழுவில் ஒருவர் காலி இருக்கைகளைப் பார்த்துவிட்டு, "உங்க பள்ளிக்குத் தனியா ஒரு பந்தா?" என்று கேட்டார். பொர்தி சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். அந்த வரியை அச்சடித்த தாள் அவர் மேஜையில் இருந்தது.

"பேரு போட்டிருக்கு. இன்னும் என்ன விசாரணை? சாயங்காலம் எல்லா வகுப்பும் கூடறப்போ இந்தப் பொண்ணு மேடையில நின்னு மன்னிப்புக் கேக்கணும். வகுப்பு மானிட்டர் பதவியும் போச்சு."

"பொர்தி, அது ஜெயந்தியோட பேருதான். எழுதினது ஜெயந்தியான்னு எனக்குத் தெரியாது."

"உங்க மிஷின்தானே சொல்லுது?"

"மிஷினுக்குப் பாஸ்வேர்ட்தான் தெரியும். யாரு தட்டினாங்கன்னு தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அந்த மிஷினை நம்பிக் குழந்தைங்க கையில எதுக்குக் குடுக்கணும்? சாயங்காலத்துக்குள்ள யாருன்னு சொல்லுங்க. இல்லைன்னா இந்தப் பொண்ணுதான் நிக்கும். திங்கட்கிழமையிலிருந்து அஞ்சாம் வகுப்புக்குக் கீழ யாருக்கும் கம்ப்யூட்டர் கிடையாது."

ஜெயந்தி ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மகள். வீட்டில் தமிழ், மற்ற இடமெல்லாம் வங்காளம். நாலாம் வகுப்பு முழுதும் அவளை நம்பியது. யாருடைய பென்சில் யாருடையது என்ற வழக்குகளில் அவள் சொன்னால் தீர்ப்பு. அப்படிப்பட்ட ஒரு பிள்ளை, செய்யாத காரியத்துக்காக எல்லோர் முன்னாலும் நிற்கப் போகிறது என்றால் அந்தப் பிள்ளை இழப்பது எது என்று எனக்குத் தெரிந்தது. செய்திருந்தால் அது வேறு கணக்கு. முதலில் அது தெரிய வேண்டும்.

அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்து கேட்டேன்.

"நீதான் எழுதினியா?"

"இல்ல மிஸ்."

"உன் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

"சொல்ல மாட்டேன்."

"சொன்னா உன்னை நிக்க வைக்க மாட்டாங்க ஜெயந்தி."

"அப்போ அவளை நிக்க வைப்பாங்க."

சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் கேட்காதது போல இருந்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் பெயர் வந்திருக்கும். ஆனால் தோழியைக் காட்டிக்கொடுக்க ஓர் ஒன்பது வயதுப் பிள்ளையை மிரட்டித்தான் அந்தப் பெயரைப் பெற்றிருக்க முடியும். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். அவசரத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு யாராவது ஒரு பெயர் போதும். அந்த அவசரத்தைப் பிள்ளையிடம் கடத்தாதீர்கள்.

வகுப்புக்குப் போனேன். யார் எழுதியது என்று கேட்கவில்லை. "வேற ஒருத்தரோட பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்? கை தூக்குங்க" என்றேன்.

வகுப்பு மொத்தமும் கை தூக்கியது. சிலர் இரண்டு கைகளையும் தூக்கினார்கள்.

"கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது" என்று வாரம்தோறும் என்னோடு சேர்ந்து ஒப்பித்த பிள்ளைகள் அவர்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எனக்கு விளக்கினாள்.

"மிஸ், பாப் ஆனா குடுக்கணும்ல?"

நம் பிள்ளைகளுக்குக் 'காய்', 'பழம்' போல, கொல்கத்தாப் பிள்ளைகளுக்கு 'ஆரி', 'பாப்'. ஆரி என்றால் பேச்சு முறிந்தது. பாப் என்றால் மறுபடி சேர்த்தி. முன்பெல்லாம் பாப் ஆனதற்கு அடையாளமாக டிபனில் பாதி கொடுப்பார்கள். என் வகுப்பில் அது கடவுச்சொல்லாக மாறியிருந்தது.

"சரி, அப்புறம் ஆரி ஆயிட்டா?"

பின்வரிசைப் பையன் ஒருவன் பெருமூச்சு விட்டான். "அதுதான் மிஸ் பிரச்சினை. டிபன்னா தின்னு முடிஞ்சுடும். பாஸ்வேர்ட் அவன்கிட்டயே இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடவுச்சொல் பற்றி அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. அந்நியர்களைப் பற்றித்தான் நாம் பிள்ளைகளை எச்சரிக்கிறோம். அவர்கள் வாழ்க்கையில் அந்நியர்கள் மிகக் குறைவு. எல்லாம் நடப்பது நண்பர்களுக்குள்.

பிறகு நடக்கப் போவதை அப்படியே சொன்னேன். சாயங்காலம் ஜெயந்தி மேடையில் நிற்பாள். எழுதியது அவள் இல்லை என்கிறாள், நான் நம்புகிறேன். டிபன் நேரத்தில் நான் கணினி அறையில் தனியாக இருப்பேன். இவ்வளவுதான் சொன்னேன். ஜெயந்தி டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிபன் நேரத்தில் வந்தவள் பியாலி. ஜெயந்தியின் பக்கத்து இருக்கை. கிடர்பூர்ப் பிள்ளை, வாய் ஓயாது. வாசலில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்துவிட்டாள்.

"மிஸ், நான் பொய் எழுதல."

"உக்காரு. என்ன எழுதின?"

"காகு சொன்னாரு. நாளைக்கு டாக்ல லாரி எதுவும் ஓடாது, எல்லாம் பந்த்னு அப்பாகிட்ட சொல்லிட்டிருந்தாரு. நான் என் காதால கேட்டேன்."

அவளுடைய சித்தப்பா, அவள் சொல்லும் காகு, துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் இருந்தார். லாரிக்காரர்கள் ஒருநாள் வேலையை நிறுத்தியது உண்மைதான். சாப்பாட்டு மேஜையில் லாரிகளாக இருந்த செய்தி, நாலாம் வகுப்புக்கு வருவதற்குள் ஊராக வளர்ந்துவிட்டது. நாளேட்டில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆரம்பத்தில் ஓர் உண்மை இருக்கும். அதனால்தான் எழுதியவருக்குத் தான் பொய் சொன்னதாகத் தோன்றாது.

"சரி. அதை உன் பேர்ல ஏன் எழுதல?"

இந்தப் பெரியவளுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பது போலப் பார்த்தாள். "என் பேர்ல எழுதினா யாரு மிஸ் நம்புவா? சரஸ்வதி பூஜைக்கு நம்ம ஸ்கூலுக்கு யானை வருதுன்னு நான்தானே சொன்னேன்."

"யானை வந்துதா?"

"வரல. அதுலேருந்து எல்லாரும் என்னை 'ஹாத்தி'ன்னு கூப்பிடறாங்க. ஜெயந்தி சொன்னா நம்புவாங்க. அதான் அவ பேர்ல போய் எழுதினேன். செய்தி நல்ல செய்திதானே?" பிறகு குரல் இறங்கியது. "அவளை நிக்க வைக்காதீங்க மிஸ். அவ என்னோட ஆரி போடக்கூட இல்ல. பேசாமலேயே இருக்கா."

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் அவள் எடுத்தது சின்னப் பொருளும் இல்லை. பென்சில் வழக்குகளில் நாள்தோறும் நியாயமாக நடந்து ஜெயந்தி சேர்த்துவைத்த நம்பிக்கையை, பியாலி ஒரே வரியில் செலவழித்திருந்தாள். அதை அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். பொர்தியிடம் வேறு விதமாகச் சொல்ல வேண்டும்.

பொர்தியிடம் போவதற்கு முன் ஒரு நிமிடம் அறையிலேயே நின்றேன். எங்கள் நாளேட்டில் ஒரு செய்தி ஆசிரியர் இருந்தார். முதல் பக்கத்தில் தவறு வந்தால் திருத்தத்தை உள்பக்க மூலையில் போடுவது பத்திரிகைகளின் வழக்கம். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். தவறு எங்கே வந்ததோ அங்கேயே திருத்தமும் வர வேண்டும், வாசகர் கண்ணில் அதே அளவு பட வேண்டும் என்பார். மன்னிப்பு, வருத்தம் என்று நீட்டி எழுதினால் அடித்துவிடுவார். 'வாசகனுக்கு உன் வருத்தம் வேண்டாம், சரியான தகவல் வேண்டும்' என்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதையே எடுத்துக்கொண்டு போனேன்.

"பியாலியா? அப்போ ரெண்டு பேரும் நிக்கட்டும்" என்றார் பொர்தி. "ஒருத்தி எழுதினதுக்கு, இன்னொருத்தி பாஸ்வேர்ட் குடுத்ததுக்கு."

"பாஸ்வேர்ட் குடுத்ததுக்குன்னா வகுப்பு மொத்தமும் நிக்கணும் பொர்தி. மேடையில இடம் போதாது."

அவர் முகம் மாறவில்லை. நான் தொடர்ந்தேன். "ஜெயந்தி பேர்ல தப்பு வந்தது அந்தப் பக்கத்துல. அதே பக்கத்துல, பியாலி தன் பேரைப் போட்டு, எது தப்பு, எது சரின்னு எழுதட்டும். அது அங்கேயே இருக்கும். பிள்ளைங்க உள்ள வரப்போ எல்லாம் முதல்ல அதைத்தான் பாப்பாங்க. மேடையில நின்னா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். அழுத முகம்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பந்த் இல்லைன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது."

"அப்பா அம்மாக்கள்? அவங்க என்ன உங்க பக்கத்தைப் பாக்கறாங்களா?"

"அதையே அச்சடிச்சு கேட்ல ஒட்டலாம்."

அவர் மேஜையில் இருந்த தாளை எடுத்து மறுபடி படித்தார். "ஒட்டுங்க" என்றார் கடைசியில். "ஆனா கேட்ல ஒருத்தர் வந்து சண்டை போட்டாலும் திங்கட்கிழமை அறைக்குப் பூட்டுத்தான். சின்ன வகுப்புகளுக்கு."

பியாலி எழுதிய முதல் வடிவம் நீளமானது. ஜெயந்தியிடம் மன்னிப்பு, பொர்தியிடம் மன்னிப்பு, கடவுளிடம் மன்னிப்பு, காகுவைப் பற்றி ஒரு பத்தி. நான் பேனாவைத் தொடவில்லை. "இதுல பந்த் உண்டா இல்லையான்னு எங்க இருக்கு?" என்று கேட்டேன். தேடினாள். இல்லை. மறுபடி எழுதினாள். மூன்றாவது முறை வந்தது இது:

'புதன்கிழமை ஜெயந்தி பெயரில் வந்த செய்தி தவறு. பந்த் இல்லை, பள்ளி இருந்தது. துறைமுகத்தில் லாரிகள் மட்டும் ஓடவில்லை. எழுதியது ஜெயந்தி அல்ல, பியாலி.'

கடைசி வாக்கியத்தில் 'நான்' என்று எழுதலாமே என்றேன். "இல்ல மிஸ், கேட்ல ஒட்டினா 'நான்'னா யாருன்னு கேப்பாங்க" என்றாள். செய்தி மேஜையில் இருந்தவர்களுக்குக்கூட இது எல்லா நாளும் தோன்றுவதில்லை.

பொத்தானை அழுத்துவதற்கு முன் அவள் கை நின்றது. "இனிமே நான் எது சொன்னாலும் நம்ப மாட்டாங்கல்ல?"

"தெரியாது பியாலி. ஆனா இது உண்மைதானே? இதுலேருந்து ஆரம்பிக்கலாம்."

அழுத்தினாள்.

கடைசிப் பாடவேளையில் வகுப்பு உள்ளே வந்தது. திரைகள் ஒவ்வொன்றாக விழித்தன. "ஏ ஹாத்தி!" என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஜெயந்தி திரும்பிப் பார்த்தாள். மானிட்டரின் பார்வை. அதோடு நின்றது. அவள் வரியைப் படித்தாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். "துறைமுகத்துக்கு ஸ்பெல்லிங் சரியா இருக்கு" என்றாள் பியாலியிடம். இரண்டு நாளில் அவர்களுக்குள் வந்த முதல் பேச்சு அதுதான். அன்று எல்லோருக்கும் புதிய கடவுச்சொல் அமைத்தேன். ஜெயந்தி தட்டும்போது பியாலி தானாகவே முகத்தைத் திருப்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சாயங்காலம் யாரும் மேடையில் நிற்கவில்லை. கேட்டில் ஒட்டிய தாளைத் தாய்மார்கள் கூடி நின்று படித்தார்கள். ஒருவர், "பேரைப் போட்டு எழுதியிருக்கே! எங்க ஆபீஸ்ல எந்தப் பெரிய மனுஷன் இப்படி எழுதுவான்?" என்றார். இன்னொருவர் பூல் கார் ஓட்டுநரை அண்ணன் முறையில் அழைத்து, "தாதா, நீங்களாவது ஒரு தடவை கேட்டிருக்கலாமே?" என்றார். அவரும் அண்ணி முறையில், "நீங்க கேட்டீங்களா போதி?" என்றார். சண்டை எதுவும் நடக்கவில்லை. பொர்தி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அறை திறந்திருந்தது.

அதன்பின் எங்கள் அறிவிப்புப் பக்கத்துக்குப் பிள்ளைகளே ஒரு விதி செய்தார்கள். செய்தி போடுகிறவர், அது தனக்கு எப்படித் தெரியும் என்றும் வேறு யாரிடம் கேட்டுப் பார்த்தார் என்றும் கீழே எழுத வேண்டும். பூனைக்குட்டிகளுக்கும் அது பொருந்தும். 'நானே பார்த்தேன். அம்மாவிடமும் கேட்டேன்.' ஒரு பையன், 'பூனையிடம் கேட்கவில்லை' என்றும் சேர்த்தான்.

இன்று உங்கள் பிள்ளைகள் கையில் இருப்பது எங்கள் அறையைவிடப் பல மடங்கு பெரிய அறிவிப்புப் பக்கம். கருவிகள் மாறும், நான் கற்றுக்கொடுத்த மென்பொருள்களில் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை. தவறு செய்த பிள்ளைக்கு அதைச் சரிசெய்யும் வேலையையே கொடுங்கள். அவமானத்தைக் கொடுத்தால் அடுத்த முறை அது இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒளிந்துகொள்ளும். இதைவிடப் பெரிய பாடம் என்னிடம் இல்லை. பலன் தருமா என்று கேட்பீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்த பிறகு, நிஜமாகவே ஒரு பந்த் அறிவிக்கப்பட்டது. பொர்தி கணினி அறைக்குத் தானே வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, வகுப்பை ஒருமுறை பார்த்தார்.

"பியாலி, நீ எழுது. நாளைக்கு பந்த், பள்ளி விடுமுறை."

வகுப்பு திரும்பி அவளைப் பார்த்தது. பியாலி நிமிர்ந்து உட்கார்ந்து, சொன்னபடி தட்டினாள். பிறகு விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்:

"உங்களுக்கு யாரு சொன்னா மேடம்?"

பொர்தி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலையில ரேடியோவுல கேட்டேன்" என்றார் அவர்.

"வேற யாருகிட்ட கேட்டீங்க?"

பொர்தி பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் யாருகிட்டயும் கேக்கல" என்றார். "நீ அதை இப்போ போடாத. நான் போய் போன் பண்ணிட்டு வரேன்."